புட்டிக்குள் இருந்த தீவு: கியோஸ் பயணக் குறிப்புகள்

புறப்பாடு: பிரேயஸ் துறைமுகம்

நாகப்பட்டினத்தில் என் நண்பரின் வாப்பா நடத்திவந்த நாட்டு மருந்துக் கடையில், மேல்தட்டின் இடது ஓரத்தில், தகர மூடி போட்ட ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. அதில் ஒட்டியிருந்த தாளில் 'ரூமி மஸ்தகி' என்று எழுதியிருக்கும். மற்றச் சரக்குகளை நிறுக்கும் பெரிய தராசில் அதை அவர் ஒருபோதும் வைத்ததில்லை. அதற்கென்று நகைக்கடைத் தராசு போல ஒரு சின்னத் தராசு மேசை இழுப்பறையில் தனியாக இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் பொட்டலம் மடிக்க உட்காரும் நாங்கள் இருவரும், வாப்பா தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஆளுக்கொரு மணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது உண்டு. பல்லில் பட்டதும் பொடிந்து, சற்றே கசந்து, பிறகு ஒரு குளிர்ச்சி ஏறி, கடைசியில் எவ்வளவு மென்றாலும் கரையாத பிசினாக அது மாறிவிடும்.

வாப்பா காலமான பிறகு கடையை ஒழித்தபோது அந்தப் புட்டி மட்டும் நண்பரோடு ஜெர்மனிக்குப் போனது. ஸ்டுட்கார்ட்டில் இருபது ஆண்டுகளாக இருக்கும் அவர் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, ரூமி என்றால் கவிஞர் இல்லை என்றும், அரபியர்கள் பைசாந்தியப் பேரரசை 'ரூம்' என்று அழைத்ததிலிருந்து வந்த சொல் என்றும், அந்தப் பிசின் கிரேக்கத்தின் கியோஸ் என்ற ஒரே தீவின் தென்பகுதியில் வடிக்கப்படுவது என்றும் சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் 'ஹியோஸ்' என்பார்களாம். மூன்று கோடைகள் பேசிப் பேசியே ஒத்திப்போட்ட பயணம் இந்த ஆகஸ்டு மாதக் கடைசியில்தான் கைகூடியது.

கிரேக்கத் தீவு என்றதும் வீட்டில் எல்லோரும் வெள்ளைச் சுவரும் நீலக் கூரையும் கொண்ட படங்களை எதிர்பார்த்தார்கள். அவை சாந்தோரினியின் அடையாளங்கள், நாங்கள் போகும் தீவில் அவை இருக்காது என்று விளக்கியும் பயனில்லை. பிரேயஸிலிருந்து கியோஸுக்கு எட்டு ஒன்பது மணி நேரக் கப்பல் பயணம். சிக்கனத்தின் பெயரால் நண்பர் படுக்கை அறை வேண்டாமென்று இருக்கை மட்டும் பதிவு செய்திருந்தார். வழக்கமாகப் போய்வரும் தீவுக்காரர்களோ கப்பல் புறப்படும் முன்பே சோபாக்களைப் பிடித்து, போர்வை விரித்து, தலையணை சகிதம் படுத்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது முதுகுவலி.

முதல் நாள்: கியோஸ் நகரம்

விடிவதற்குச் சற்று முன்பு கப்பல் கரை சேர்ந்தது. கியோஸ் நகரத்தின் கடற்கரைச் சாலை அழகானதென்று சொன்னால் அது முகத்துதி. வரிசையாகக் காங்கிரீட் அடுக்குமாடிகள், கீழே காபிக்கடைகள், அவற்றின் முன்னே ஓயாத ஸ்கூட்டர் சத்தம். 1881ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில் பழைய நகரத்தின் பெரும்பகுதி இடிந்துபோனது. சுற்றுலாவை நம்பி வாழாத, கப்பல் தொழிலாலும் வணிகத்தாலும் பிழைத்த ஊர் என்பதால், வருகிறவர்களுக்காக முகத்தை ஒப்பனை செய்துகொள்ளும் வழக்கமும் இதற்கு இல்லை. எனக்கு இது பிடித்திருந்தது. நண்பருக்குச் சற்று ஏமாற்றம்.

கடலுக்கு எதிர்ப்புறம் நீலமாகத் தெரிந்த மலைத்தொடரை இன்னொரு தீவு என்று நினைத்தேன். அது துருக்கி. மிகக் குறுகிய இடத்தில் இரு கரைகளுக்கும் இடையே ஏழு கிலோமீட்டர் தூரம்தான். இதன் விளைவை முதலில் உணர்ந்தது நண்பரின் கைப்பேசி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கு போனாலும் கூடுதல் கட்டணம் இல்லையென்ற நம்பிக்கையில் அவர் கப்பலின் மேல்தளத்திலிருந்து மனைவியோடு காணொளியில் பேசிக்கொண்டு வந்தார். கைப்பேசியோ கடல் கடந்து வந்த துருக்கிக் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்திருக்கிறது. காலைச் சிற்றுண்டிக்கு முன்பே அவருடைய மாதக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தது. இந்தத் தீவுக்கு வருகிறவர்கள் கரையோரத்தில் இருக்கும்வரை தானாக வலையமைப்பைத் தேடும் வசதியை அணைத்து வைப்பது நல்லது.

அந்தக் கோபத்தைத் தணித்தது ஒரு கரண்டி இனிப்பு. மஸ்தகி சேர்த்துக் கெட்டியாகக் கிளறிய வெண்ணிறச் சர்க்கரைப் பாகை ஒரு கரண்டியில் அள்ளி, குளிர்ந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் முக்கித் தருகிறார்கள். கரண்டியை நக்கிக்கொண்டே நீரைக் குடிக்க வேண்டும். இதற்கு 'இபோவ்ரீகியோ', அதாவது நீர்மூழ்கிக் கப்பல் என்று பெயர். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு, "மாப்ளே, இது நம்ம கடை வாசம்" என்றார்.

பக்கத்து மேசையில் செஷ்மே நகரத்திலிருந்து காலைப் படகில் வந்திருந்த துருக்கிக் குடும்பம் ஒன்று இருந்தது. ஸ்டுட்கார்ட்டில் துருக்கித் தோழர்களிடம் கற்ற அரைகுறை மொழியில் நண்பர் அவர்களோடு பேச்சுக்கொடுத்தார். துருக்கியில் இந்தத் தீவின் பெயரே 'சாக்கிஸ் அதாஸி'. சாக்கிஸ் என்பது மஸ்தகிக்கும் மெல்லும் கோந்துக்கும் அவர்கள் மொழியில் பொதுச்சொல். ஊர்ப்பெயர் பொருளுக்கு ஆகிவருவதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இங்கே பிசின் பெயர் தீவுக்கு ஆகிவந்திருக்கிறது.

மாலையில் கோட்டைக்குள் நடந்தோம். ஜெனோவா நாட்டு வணிகர்கள் 1346 முதல் 1566 வரையும், பிறகு ஒட்டோமான் துருக்கியர் 1912 வரையும் இங்கிருந்துதான் தீவை ஆண்டார்கள். காட்சிக்காகப் பூட்டி வைத்த கோட்டை அல்ல. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், துணி உலர்கிறது, பூனைகள் உறங்குகின்றன. ஒரு மூலையில் இருக்கும் சிறிய துருக்கிக் கல்லறைத் தோட்டத்தில் காரா அலி என்ற கடற்படைத் தளபதியின் சமாதி இருக்கிறது. அவரைப் பற்றி நான்காம் நாளில் எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள்: பிர்கியும் மெஸ்தாவும்

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு தெற்கே இறங்கினோம். மஸ்தகி விளையும் ஊர்கள் இருபத்து நான்கு. எல்லாம் தீவின் தென்பகுதியில். இவற்றைச் சேர்த்து 'மஸ்திஹோஹோரியா', மஸ்தகிக் கிராமங்கள் என்கிறார்கள்.

பிர்கிக்குள் நுழைந்ததும் எங்கள் பேச்சு நின்றுவிட்டது. வீட்டுச் சுவர், மாடியின் அடிப்பாகம், கோயில் முகப்பு, வங்கிக் கட்டடம் என்று ஓரிடம் விடாமல் கறுப்பும் வெள்ளையுமாக முக்கோணங்களும் சாய்சதுரங்களும் வட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. ஊர் முழுவதையும் ஜமக்காளத்தால் போர்த்தியது போல இருந்தது. 'க்ஸிஸ்தா' எனப்படும் இந்த வேலை வண்ணப்பூச்சு அல்ல, சுரண்டல். கருமணல் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பை வெள்ளையாக அடித்து, அது காய்வதற்குள் கோடு போட்டு, தேவையான இடத்தில் முள்கரண்டி போன்ற கருவியால் வெள்ளையைச் சுரண்டி எடுத்தால், அடியிலிருக்கும் கருமை வெளிவரும். மாடிக் கைப்பிடிகளில் சிறு தக்காளிகளை நூலில் கோத்துச் சிவப்புத் தோரணங்களாக உலர விட்டிருந்தார்கள்.

நாங்கள் செய்த தவறு, அங்கே பிற்பகல் இரண்டரை மணிக்குப் போனது. கடைகள் அடைத்து, ஊரே உறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் சிறிய பழைய கோயிலும் பூட்டியிருந்தது. இரண்டு பூனைகளையும் ஒரு பாட்டியையும் தவிர யாரும் கண்ணில் படவில்லை. பாட்டி எங்களைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். போய்த் தூங்குங்கள் என்று பொருள்.

ஆகவே பக்கத்துக் குன்றின்மேல் இருக்கும் மஸ்தகி அருங்காட்சியகத்தில் வெயில் தாழும்வரை இருந்தோம். 2016இல் திறக்கப்பட்ட, கண்ணாடிச் சுவர்கள் கொண்ட கட்டடம். வெளியே மஸ்தகிச் சரிவு, உள்ளே அதன் வரலாறு. ஜெனோவாக்காரர்கள் இந்தப் பிசினைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டதும், திருடியவர்களைக் கடுமையாகத் தண்டித்ததும், கொலம்பஸ் 1492இல் கரீபியத் தீவுகளைப் பற்றி எழுதும்போது கியோஸின் மஸ்தகியை நினைவுகூர்ந்ததும் அங்கே படித்தவை. என் நண்பருக்கு அவற்றைவிட, ஐரோப்பிய மருந்து முகமை 2015இல் மஸ்தகியை லேசான செரிமானக் கோளாறுக்கான மரபுவழி மூலிகை மருந்தாக ஏற்றுக்கொண்ட செய்திதான் பெரிதாகப் பட்டது. யுனானியில் ஜவாரிஷ் மஸ்தகி என்ற மருந்தை அவருடைய வாப்பா எந்த நோய்க்குக் கொடுத்தாரோ அதே நோய். "வாப்பாவுக்கு இது எப்பவோ தெரியும்" என்று அவர் சொன்னதில் பெருமிதத்தோடு ஒரு சின்ன முறைப்பும் கலந்திருந்தது.

இரவு தங்கியது மெஸ்தாவில். கடற்கொள்ளையருக்கு அஞ்சி, ஊரையே ஒரு கோட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். ஓரத்து வீடுகளின் பின்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி மதிலாக நிற்க, பழைய நாளில் வெளிப்பக்கம் சன்னலோ கதவோ கிடையாது. உள்ளே தெருக்கள் வளைந்து, வளைவுக் கூரைகளுக்கு அடியில் புகுந்து, திடீரென்று முட்டுச்சந்தில் போய் நிற்கும். எதிரி உள்ளே வந்துவிட்டால் மக்கள் மாடிவழியே மாடி தாவி நடுவிலிருக்கும் காவல் கோபுரத்துக்குள் போய்விடலாம். அந்தக் கோபுரம் இருந்த இடத்தில் இப்போது பெரிய தக்ஸியார்கிஸ் கோயில் இருக்கிறது. கார் உள்ளே போகாது. பெட்டியை இழுத்துக்கொண்டு அறையைத் தேடிய நாங்கள் அந்தச் சதுக்கத்துக்கே மூன்று முறை வந்து சேர்ந்தோம். நாங்கள் கொள்ளையராக இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்குக் கிரேக்கம்தான் தெரியும். மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நாங்கள் எதற்காக வந்தோம் என்று கேட்டவரிடம் நண்பர் தன் பையிலிருந்து அந்தப் பழைய புட்டியை எடுத்து வைத்தார். அதுவரை அவர் அதைக் கொண்டுவந்திருப்பது எனக்கே தெரியாது. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து, உள்ளங்கையில் இரண்டு மணிகளைக் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ சொன்னார். "நாளை காலை ஐந்தரைக்கு மாமாவின் தோட்டத்துக்குப் போகவேண்டுமாம்" என்றார் மகள்.

மூன்றாம் நாள்: தோட்டம்

இருட்டிலேயே கிளம்பினோம். வெயில் ஏறினால் பிசின் இளகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் வேலையெல்லாம் விடியற்காலையில்தான். கல்லடுக்கி வரப்பு கட்டிய சரிவில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலான மரங்கள் குடை போலக் கவிந்து நின்றன. அடிமரம் முறுக்கிய கயிறு போலத் திருகியிருந்தது. பிஸ்தா மரத்தின் இனம்தான்; ஆனால் இதில் தின்னும் பருப்பு இல்லை. விதை போட்டு வளர்ப்பதில்லை, கிளையை வெட்டி நடுகிறார்கள். நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் பிசின் வடியத் தொடங்கினாலும், பதினைந்து ஆண்டை நெருங்கும்போதுதான் முழுப்பலன். அதன்பிறகு ஓர் ஆண்டு முழுவதும் பாடுபட்டால் ஒரு மரத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது கிராம் கிடைக்கும். வாப்பாவின் சின்னத் தராசுக்குக் காரணம் இப்போது புரிந்தது.

வீட்டுக்கார அம்மாவின் அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து ஒரு மரத்தடியில் மண்டியிட்டிருந்தார். ஒவ்வொரு மரத்தின் கீழும் தரையைச் செதுக்கிச் சமன் செய்து, சலித்த வெள்ளை மண்ணை வட்டமாகப் பரப்பியிருந்தார்கள். வீட்டு வாசலில் அரிசி மாவைக் கொட்டிப் பரத்தியது போலிருந்த அது சுண்ணாம்புச் சத்துள்ள மண். சொட்டும் பிசின் அதன்மேல் விழுந்தால் அழுக்குப் படாமல், தெளிவாக உலரும். ஜூன் மாதத்திலேயே இந்த ஏற்பாடு முடிந்துவிடும். ஜூலை நடுவிலிருந்து மரத்தைக் கீறத் தொடங்குகிறார்கள்.

கீறுவதை அவர்கள் 'கேந்திமா' என்கிறார்கள். குத்துதல் என்றும் ஊசிவேலை என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டாம். கூர்முனைக் கொண்ட ஒரு சிறு இரும்புக் கருவியால், பட்டையில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் நீளமாகச் சாய்த்து வெட்டுவதைப் பார்த்த எனக்கு இது மிகவும் கஞ்சத்தனமாகத் தோன்றியது. பெரியவர் கருவியை என்னிடம் கொடுத்தார். நான் கீறியதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆழமாகப் போய்விட்டது, மரத்துக்கு வலிக்கும் என்பதை அவர் தன் முன்கையைக் கிள்ளிக் காட்டிப் புரியவைத்தார். கருவி கை மாறியது. நண்பரின் கீறல் பரவாயில்லை என்று தலையசைத்தார். இதை நண்பர் பயணம் முழுவதும் நினைவூட்டிக்கொண்டே வந்தார்.

சற்று நேரத்தில் கீறல் வாயில் ஒரு துளி திரண்டது. நீர் போலத் தெளிந்து, விழவும் மனமின்றி, நிற்கவும் முடியாமல், நூலாக நீண்டது. இந்தத் துளிகளை 'தாக்ரியா', கண்ணீர் என்றே அழைக்கிறார்கள். ரோமப் பேரரசின் படையில் இருந்த இசிதோர் என்பவர் கிறித்தவராக மாறியதற்காக மூன்றாம் நூற்றாண்டில் இந்தத் தீவில் கொல்லப்பட்டபோது மரங்கள் அழுதன என்பது ஊர்க்கதை. இதே இன மரம் மத்தியதரைக் கடலோரம் எங்கும் வளர்ந்தாலும், இப்படித் திரண்டு உறையும் பிசின் கியோஸின் தெற்கில்தான் வருகிறது என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். மண், காற்று, புனிதர் என்று காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

வடிந்த துளி கெட்டியாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஒரு மழை பெய்தால் அவ்வளவு உழைப்பும் வீண். நாங்கள் போன நாளில் முதல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஜூலையில் கீறியதன் பலனை ஒரு சிறு கத்தியால் மரத்திலிருந்து நெம்பியும், தரையிலிருந்து பொறுக்கியும் கூடையில் சேர்க்க வேண்டும். பல துளிகள் ஒன்றாகி விழுந்து தட்டையாக உறைந்ததை 'பீத்தா' என்கிறார்கள். மண்டியிட்டு, தலையைக் கிளைக்கு அடியில் நுழைத்து, ஒரு மணி நேரம் பொறுக்கியதில் என் பங்கு ஒரு தேநீர்க் குவளையின் அடியை மறைத்தது. கையில் ஒட்டியிருந்த பிசின் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையவில்லை. பெரியவர் ஒரு பாட்டிலிலிருந்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தேய்த்துவிட்டார்.

வெயில் ஏறியதும் ரொட்டி, பாலாடைக்கட்டி, அத்திப்பழம். அத்தியிலிருந்து வடித்த 'சூமா' என்ற சாராயமும் வந்தது. நண்பர் குடிப்பதில்லை என்று சொன்னதும் பெரியவர் மறுபேச்சின்றி அவர் குவளையைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். காலை ஒன்பது மணிக்குச் சாராயம் குடித்தது வாழ்வில் எனக்கு அதுவே முதல் முறை. வீட்டில் இதைப் படிக்கிறவர்கள் மன்னிக்கவும்.

வரும் வழியில் ஒரு சரிவைக் காட்டி, 2012 ஆகஸ்டில் எரிந்த இடம் என்றார் மகள். அந்தத் தீயில் மஸ்தகித் தோட்டங்கள் பல அழிந்தன. இப்போது இளமரங்கள் இடுப்பளவு நின்றன. கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். விலையைத் தரகர்கள் அடித்து இறக்கியதால் 1938இல் விவசாயிகள் சேர்ந்து அமைத்த சங்கம் அது. இன்றும் பிசினெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போகிறது. யுனெஸ்கோ 2014இல் இந்த வளர்ப்பு முறையை மனிதகுலப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. "பட்டியல் நல்லதுதான், ஆனால் மண்டியிட ஆள் வேண்டுமே" என்றார் ஏதென்ஸில் கணக்காளர் வேலை பார்த்து, கோடைக்கு மட்டும் ஊருக்கு வரும் அந்தப் பெண்.

நான்காம் நாள்: நேயா மோனி

தீவின் நடுவே மலைமேல் இருக்கும் நேயா மோனி மடத்துக்குப் போனோம். பதினோராம் நூற்றாண்டில் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்தந்தீன் பொருளுதவி செய்து கட்டிய மடம். கோயிலின் எண்கோண மண்டபத்தைச் சுற்றிப் பொன்னிறப் பின்னணியில் வண்ணக் கல்துண்டுகள் பதித்த சித்திரங்கள். 1881 நிலநடுக்கத்தில் குவிமாடம் சரிந்து சில சித்திரங்கள் போய்விட்டன. எஞ்சியவற்றில், இயேசு பாதாளத்தில் இறங்கி ஆதாமின் கையைப் பிடித்து இழுக்கும் காட்சியின் முன் நெடுநேரம் நின்றேன். பிடித்திருப்பது விரல்களை அல்ல, மணிக்கட்டை; தானாக எழ முடியாதவனைத் தூக்கும் பிடி அது.

வாசலருகே உள்ள சிற்றாலயத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் அடுக்கடுக்காக மண்டை ஓடுகள். 1822இல், கிரேக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில், சாமோஸ் தீவிலிருந்து வந்திறங்கியவர்கள் இங்கே கிளர்ச்சியை மூட்டினார்கள். அதை ஒடுக்க காரா அலியின் தலைமையில் வந்த கப்பற்படை தீவில் இறங்கி, பல்லாயிரம் பேரைக் கொன்றது. பல்லாயிரம் பேரை அடிமைச் சந்தைக்கு ஏற்றியது. மடத்தில் அடைக்கலம் புகுந்தவர்களின் எலும்புகள்தான் இவை. சில ஓடுகளில் வெட்டுக்காயம் தெரிகிறது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா 1824இல் வரைந்த பெரிய ஓவியத்தின் பொருள் இதுவே. அது இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படுகொலை நடந்த அதே 1822இன் ஜூன் மாத இரவொன்றில் கனாரிஸ் என்ற மாலுமி தீப்படகைக் கொண்டு மோதி, காரா அலியின் கப்பலைக் கொளுத்தினார். அதில் இறந்த காரா அலிதான் முதல் நாள் நாங்கள் பார்த்த சமாதிக்குள் இருப்பவர்.

கொன்றவரும் கொல்லப்பட்டவர்களும் ஒரே தீவில், அரை மணி நேரக் கார்ப் பயணத்தில், அவரவர் இடத்தில் கலையாமல் இருக்கிறார்கள். முதல் அலையில் மஸ்தகிக் கிராமங்கள் விட்டுவைக்கப்பட்டன என்று முந்தைய நாள் கேட்டிருந்தோம். சுல்தானின் அரண்மனைக்கு மஸ்தகி போயாக வேண்டும் என்பது காரணம். பிசின் வடிக்கத் தெரிந்த கைகளுக்கு விலை இருந்திருக்கிறது. நண்பர் வழியெல்லாம் பேசவில்லை. அங்கிருந்து அனவாதோஸ் என்ற கைவிடப்பட்ட மலையூருக்குப் போனோம். செங்குத்தான பாறையின் உச்சியில், பாறை எது வீடு எது என்று பிரித்தறிய முடியாதபடி இடிந்து நிற்கிறது. பிடிபடாமலிருக்க மக்கள் அந்த விளிம்பிலிருந்து குதித்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. அதற்குமேல் அங்கே எழுத எனக்கு ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள்: காற்று

எம்போரியோஸ் அருகே மாவ்ரா வோலியா என்ற கடற்கரை. எரிமலை கக்கிய கறுப்புக் கூழாங்கற்கள், மணலே இல்லை. அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி, பெரிய சல்லடையில் நெல்லைச் சலிப்பது போல ஒலி எழுகிறது. கல்லை எடுத்துச் செல்லக் கூடாது என்ற அறிவிப்பு இருக்கிறது. நண்பர் நீந்தினார், நான் காலை நனைத்ததோடு சரி. வடகாற்று வலுத்து, நின்றவர்களின் துண்டையெல்லாம் பறக்கடித்தது. மாலையில் மெஸ்தா சதுக்கத்தில் தக்காளியும் புதினாவும் சேர்த்துப் பொரித்த வடை போன்ற ஒன்றைத் தின்றோம். இரண்டு தட்டு.

ஆறாம் நாள்: புறப்படாத நாள்

காலையில் வந்த செய்தி, காற்றின் வேகத்தால் கப்பல் போக்குவரத்துக்குத் தடை என்றது. எனக்கு விமானம் தவறிவிடுமோ என்ற பதற்றம். வீட்டுக்கார அம்மாவுக்கோ இது மாதமொரு முறை நடக்கும் சங்கதி. காபி போட்டுக் கொடுத்துவிட்டு, முற்றத்து மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, போன ஆண்டு மீந்திருந்த மஸ்தகியில் ஒரு தட்டைக் கொட்டினார். சுத்தம் செய்வது குளிர்காலத்து வேலை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்வார்களாம். சலித்து, கழுவி, உலர்த்திய பிறகும் ஒவ்வொரு மணியிலும் ஒட்டியிருக்கும் பட்டைத் துணுக்கையும் மண்ணையும் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும்.

நானும் ஒரு கத்தியை எடுத்தேன். நாலாவது மணியில் விரலைக் கீறிக்கொண்டு விலகினேன். நண்பர் விலகவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மணியை உருட்டி, ஒரே சுரண்டலில் தூசியை எடுத்து, பெரியது இந்தப் பக்கம், சிறியது அந்தப் பக்கம், பொடி நடுவில் என்று பிரித்துக்கொண்டே போனார். கடையில் மிளகிலும் சீரகத்திலும் கல் பொறுக்கிய கை. அம்மா தன் வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டு ஏதோ கேட்கச் சொன்னார்.

"உங்கள் ஊரிலும் இந்த மரம் உண்டா என்று அம்மா கேட்கிறார்."

"இல்லை," என்றார் நண்பர், தலை நிமிராமல். "எங்களிடம் புட்டி மட்டும்தான் இருந்தது."

அந்தப் புட்டி மேசையின் மறுகோடியில் இருந்தது. அம்மா அதை இழுத்து, மூடியைத் திறந்து, அதிலிருந்த பழைய மஞ்சள் மணிகளைத் துணிமேல் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டில் ஒட்டியிருந்த கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டு மூடினார். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. நாங்கள் தனியாகக் கேட்டு வாங்கிய நூறு கிராமுக்குச் சரியாகக் காசு எண்ணி வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையையும் கொடுத்தார்.

மறுநாள் நண்பகலில் தடை நீங்கியது. கப்பலில் ஏறியவுடன் நண்பர் செய்த முதல் வேலை, கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டது. இரண்டாவது, எங்கள் இருவருக்கும் ஒரு சோபாவைப் பிடித்தது.